நூலகப் பணியாளர்களுக்கு ஒரு கேள்வி: எங்கள் வீட்டு நால்வருக்கும் எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பீர்கள்?

கேள்வி கேட்டவர்: ஆற்றங்கரைத்தெரு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில்தான் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக அதன் வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வருகிறேன் என்றாலும், நாளிதழ் புரட்டுவதற்கு அன்றி வேறெதற்கும் உள்ளே நுழைந்ததில்லை. சென்ற மாதம் வீட்டில் உள்ள அனைவருக்கும் உறுப்பினர் அட்டை வாங்கினேன். அதன் பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அடுக்குகளுக்கு முன்னால் போய் நின்றால் எதைத் தொடுவது என்று விளங்கவில்லை. முதல் வாரம் அட்டைப்படம் பார்த்து நான்கு புத்தகங்களை எடுத்துவந்தேன்; நான்கும் பிரிக்கப்படாமலேயே திரும்பிப் போயின.

மகளுக்கு வயது 8. எழுத்துக்கூட்டாமல் படிப்பாள், ஆனால் ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து ஓடிவிடுவாள். மகனுக்கு 14, கைப்பேசியை வாங்கி வைத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பானே தவிரப் புத்தகத்தைத் தொடமாட்டான். என் மனைவி கல்லூரி நாள்களில் வார இதழ்த் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் செய்து வைத்துப் படித்தவர்; பதினைந்து ஆண்டுகளாக எதையும் படிக்கவில்லை. அப்பாவுக்கு 74, அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை தெளிவாகிவிட்டது, ஆனால் பொழுது போகவில்லை என்கிறார்.

விருது பெற்ற நூல்களின் பட்டியலும், சாவதற்குள் படித்துவிட வேண்டிய நூறு நூல்கள் என்பது போன்ற பட்டியல்களும் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் கேட்கவில்லை. நூலகத்தில் பணியாற்றும் நீங்கள், எதிரே ஒருவர் தயங்கி நிற்கும்போது, எழுந்து போய் அடுக்கிலிருந்து உருவிக் கொடுக்கும் புத்தகம் எது என்பதே என் கேள்வி.

பதில் 1: கரிசல் கிளை நூலகர்

ஐயா, நான் உங்களைப் போன்ற ஒரு சிற்றூரில் பதினேழு ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த புத்தகத்தைத் தயங்கி நிற்பவரிடம் கொடுத்த காலம் ஒன்று உண்டு. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். பாதிப் பேர் இருபது பக்கத்தில் நிறுத்திவிட்டு, என் மனம் புண்படக் கூடாதே என்று நன்றாக இருந்ததாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது வேறு, எதிரே நிற்பவருக்குப் பொருந்துவது வேறு என்பது புரியவே எனக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆயின.

இப்போதெல்லாம் என்ன படிப்பீர்கள் என்று நான் கேட்பதில்லை, கடைசியாக எந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தீர்கள் என்று கேட்கிறேன். உங்கள் மகன் வயதில் ஒரு பையன் ‘அசுரன்’ படத்தைச் சொன்னான். அந்தப் படத்துக்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’ நாவலை எடுத்துக் கொடுத்தேன். 1982-இல் வந்த, ஒல்லியான புத்தகம். பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் அவன் தகப்பனும் ஊருக்கு வெளியே ஒளிந்து திரியும் நாள்கள்தான் கதை. நான்காம் நாள் திரும்பி வந்து, படத்தில் இருந்த சண்டையெல்லாம் இதில் இல்லையே என்று குறைபட்டுக்கொண்டான். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். காட்டில் அவர்கள் சோறு பொங்கித் தின்னும் பக்கங்களில் ஓரம் மடிக்கப்பட்டிருந்தது. புத்தகத்தை மடிக்காதே என்று வழக்கமாகக் கண்டிக்கும் நான் அன்று வாய் திறக்கவில்லை. ஒன்று மட்டும்: அந்தக் கதை ஒரு கொலையில் தொடங்குகிறது. நீங்கள் முதலில் படித்துவிட்டு மகனிடம் கொடுங்கள்.

அது வேண்டாமென்றால் ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ இருக்கிறது. ‘அறம்’ தொகுப்பில் உள்ள கதை அது. தனி நூலாகவும் கிடைக்கும். டாப்ஸ்லிப் காட்டில் யானைகளுக்கு மருத்துவம் பார்த்த வி. கிருஷ்ணமூர்த்தி என்ற உண்மையான கால்நடை மருத்துவரை வைத்து எழுதப்பட்டது. காட்டுக்குள் குடித்துவிட்டு எறியப்படும் பீர்ப் புட்டியின் கண்ணாடி யானையின் காலில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லும் இடத்தைப் படித்துவிட்டு, என் நூலகத்துக்கு வரும் கல்லூரி மாணவர்கள் இருவர் சுற்றுலா போகும்போது குப்பைக்கென்று தனியாகச் சாக்கு எடுத்துப் போனார்கள்.

மகளுக்குக் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ குறுநாவலைச் சொல்வேன். பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடிக் கரிசல் காட்டில் திரியும் சிறுவனின் கதை. 8 வயதுக் குழந்தை தானாகப் படிக்க இயலாது. உங்கள் அப்பா வாசித்துச் சொல்லட்டும். ஒரே புத்தகத்தில் இருவருக்கும் வேலை முடிந்துவிடும்.

பதில் 2: சிறுவர் பிரிவு, சென்னை

மேலே எழுதியிருக்கும் அம்மையாரின் பதிலில் பெரும்பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன், ‘பிஞ்சுகள்’ தவிர. அது அருமையான நூல்தான். ஆனால் ஒரு பக்கத்தோடு எழுந்து ஓடும் குழந்தைக்குக் குறுநாவலை, அதுவும் தாத்தா வாய்வழியாகக் கொடுப்பது, இட்லி சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைக்கு விருந்துச் சாப்பாடு போடுவதைப் போன்றது.

நான் பணியாற்றும் பெரிய நூலகத்தில் சிறுவர்களுக்கென்று ஒரு தளமே இருக்கிறது. வார இறுதிகளில் அங்கே அடிக்கடி நடப்பது இது. குழந்தை கீழடுக்கிலிருந்து ஒரு படப்புத்தகத்தை எடுத்துத் தரையில் உட்காரும். பின்னாலேயே வரும் தகப்பனார், இது சின்னப் பிள்ளைகள் பார்ப்பது, நீ மூன்றாம் வகுப்பு அல்லவா என்று சொல்லி அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, தடிமனான பொதுஅறிவுக் களஞ்சியம் ஒன்றைக் கையில் திணிப்பார். ஐந்து நிமிடத்தில் குழந்தை மின்தூக்கியின் பொத்தான்களை அமுக்கி விளையாடப் போய்விடும். நான் குழந்தைக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதைக் காட்டிலும், இத்தகைய பெற்றோரைப் பேச்சுக் கொடுத்து நாளிதழ்ப் பிரிவுக்கு அனுப்பிவைப்பதையே முதன்மையான பணியாகச் செய்துவருகிறேன்.

ஆகவே ஐயா, மகளை நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். அவள் எடுப்பதை எடுக்கட்டும். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் நேரு பால புத்தகாலய வரிசை ஏறத்தாழ எல்லாக் கிளை நூலகங்களிலும் இருக்கும். பக்கங்கள் குறைவு, படங்கள் நிறைவு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாகப் பிரித்துச் சிறுசிறு கதை நூல்களை அரசுப் பள்ளிகளுக்கு வழங்கியிருக்கிறது. மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால் வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே கைப்பேசித் தகராறு இருப்பதால் அதை வற்புறுத்தமாட்டேன். ஒரே புத்தகத்தை அவள் பத்து முறை எடுத்துவந்தாலும் தடுக்காதீர்கள்.

வாய்விட்டு வாசிப்பதற்கு என்று ஒன்று வேண்டுமானால் என் தேர்வு டெட்சுகோ குரோயநாகியின் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானில் 1981-இல் வெளியான நூல். தமிழ் மொழிபெயர்ப்பை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. முதல் பள்ளியில் வெளியேற்றப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் இன்னொரு பள்ளிக்குப் போகிறாள். அதன் தலைமை ஆசிரியர் முதல் நாளிலேயே நான்கு மணி நேரம் அவள் பேசுவதை உட்கார்ந்து கேட்கிறார். அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கங்களுக்குள் முடிந்துவிடும். இரவு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மதிய உணவில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்ற அந்தப் பள்ளியின் விதியைப் படித்துவிட்டு, எங்கள் வாசகச் சிறுமி ஒருத்தி தயிர்சாதம் மலையா கடலா என்று என்னிடம் கேட்டாள். இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ அரை மணி நேரத்தில் படித்துவிடக்கூடிய சிறு நூல் என்பதாலும், அட்டையில் பள்ளிச் சிறுமியின் பெயர் இருப்பதாலும், பலர் அதைச் சின்னக் குழந்தைகளுக்கு எடுத்துப் போகிறார்கள். அதன் முடிவு பெரியவர்களையே உலுக்கிவிடும். அது ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்க வேண்டியது; உங்கள் மகனுக்கும் தரலாம். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. தவறான தொடுதலைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசுவதற்கு அதைவிடத் தோதான தமிழ்க் கதை நூலை நான் பார்த்ததில்லை. மகளுக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள் போகட்டும், அப்போது அம்மாவும் மகளும் சேர்ந்து படிக்கலாம்.

பதில் 3: ஓய்வுபெற்ற நூலகர், காவிரிப் படுகை

அப்பாவைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் இந்தப் பதில். எனக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான்.

முதியவர்களுக்கு நூல் கொடுக்கும்போது உள்ளடக்கத்தைப் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது எழுத்தின் அளவையும் புத்தகத்தின் எடையையும். படுத்துக்கொண்டு நெஞ்சின் மேல் நிறுத்திப் படிப்பவர்களுக்குத் தலையணை போன்ற புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டாம் நாளே மணிக்கட்டு வலிக்கிறது என்று திருப்பிவிடுவார்கள். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அவருக்குப் பிடிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஆனால் அது அப்படிப்பட்ட தலையணைதான். முதல் அத்தியாயமே ‘எங்கள் ஊர்’. உத்தமதானபுரத்தின் குளத்தையும் வயலையும் அவர் விவரிப்பதைப் படிக்கும் எந்த முதியவரும் இரண்டு பக்கங்களுக்குள் தம் ஊர்க் கதையை ஆரம்பித்துவிடுவார். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்து, 1942-இல் ஆசிரியர் காலமானதால் முடிவுபெறாமல் நின்றது. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சிற்றிலக்கியங்களாகப் படித்து அடுக்கியிருந்த இளம் தமிழாசிரியரான உ.வே.சா.வைப் பார்த்து, பழங்காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கும் இடம் வரை அவர் வந்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டார்.

எடை தாங்கவில்லை என்றால் அதே ஆசிரியரின் ‘நினைவு மஞ்சரி’ கட்டுரைகள் இருக்கின்றன, கைக்கு அடக்கமானவை. இன்னொரு வழி: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஏராளமாக உள்ளன. கைக்கணினி இருந்தால் எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

நடத்துநராக இருந்தவர் என்றதும் எனக்கு இன்னும் இரண்டு நூல்கள் தோன்றின. ஒன்று, ஏ.கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை எடுத்து 1940-இல் வெளியிட்டவர் அவரே. அவருடைய பயணக் குறிப்புகளில் அலங்காரம் என்பதே கிடையாது. இன்னொன்று, தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’. உப்பையும் பல்லாங்குழியையும் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை உட்காரவைத்துவிடும் சிறு கட்டுரைகள். இதைத் தாத்தாவும் பேரனும் மாற்றி மாற்றிப் படிக்கலாம்.

சற்று விலகி ஒரு செய்தி. எங்கள் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இந்த மன்றத்தில் எல்லோரும் இரண்டாவதைப் பற்றியே பேசுகிறோம். நான் பணியில் இருந்தபோது மாதம் ஒருமுறை அடுக்குகளைப் பிரித்து, பின்னட்டையில் ஒட்டிய தேதித்தாளில் ஐந்தாண்டுகளாக முத்திரை விழாத புத்தகங்களை மட்டும் எடுத்து வாசலருகே மேசையில் பரப்பிவைப்பேன். இரண்டு நாள்களில் மேசை பாதி காலியாகும். அந்தத் தேதித்தாள்கள் வேறு கதைகளும் சொல்லும். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தின் தாள் முத்திரை வைக்க இடமில்லாமல் மூன்று முறை மாற்றி ஒட்டப்பட்டிருக்கும். ஐந்தாம் பாகத்தின் தாளில் அதில் பாதிகூட இருக்காது. வீராணம் ஏரிக்கரையில் குதிரையோடு கிளம்பியவர்களில் எத்தனை பேர் கடைசிவரை போனார்கள் என்பதைக் கல்கியின் விமரிசகர்களைவிட நூலகர்களே நன்கு அறிவோம்.

பதில் 4: உப்பளத்து ஊர் நூலக உதவியாளர்

உங்கள் துணைவியாரைப் பற்றிச் சில வரிகள். படிப்பை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்குச் சிறுகதையிலிருந்து தொடங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் மாறுபடுகிறேன். அவர் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துவைத்தவர். அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற தவிப்புதான் அவருக்குப் பழக்கமான சுவை. நாவலே கொடுங்கள், அதே கல்கியையும் கொடுக்கலாம், ஆனால் அது அவர் ஏற்கெனவே படித்ததாக இருக்கக்கூடும்.

நான் எடுத்துக் கொடுப்பது ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்பவர்களின் வாழ்க்கையைப் பற்றிய நாவல். எங்கள் நூலகத்துக்கு வரும் பெண்களில் பலருக்கு அந்த வெயிலையும் பாத்தியையும் வாருபலகையையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் மூன்று நாள்களில் படித்து முடித்துவிட்டு, அதைப் படிக்கத் தெரியாத தம் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதற்காக மீண்டும் அதே புத்தகத்தைத் தம் பெயரில் பதிந்துகொண்டு போனார். தாயார் நடுநடுவே தவறு திருத்தினாராம்.

சிறுகதைதான் வேண்டும் என்றால் இரண்டே இரண்டு: தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’, கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. இரண்டும் குழந்தைகளைப் பற்றியவை; இரண்டையும் சமையல் அடுப்பில் குக்கர் ஏறியிருக்கும்போது படிக்கத் தொடங்கக் கூடாது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: ஆற்றங்கரைத்தெரு (மூன்று வாரங்களுக்குப் பின்)

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மகளை அழைத்துப்போய் விட்டுவிட்டு, சென்னை அன்பர் சொன்னபடியே நாளிதழ்ப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். அவள் எடுத்தது பன்னிரண்டு பக்கப் படப்புத்தகம் ஒன்று. அதையே மூன்று வாரமும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். ‘டோட்டோ-சான்’ எங்கள் கிளையில் இல்லை. ‘பிஞ்சுகள்’ இருந்தது. அப்பா வாசிக்கத் தொடங்கினார். மகள் இரண்டாம் பக்கத்திலேயே ஓடிவிட்டாள். அப்பா மட்டும் தனியே முடித்துவிட்டு, தம் சிறுவயதில் கிணற்றுச் சுவரில் மைனாக்கூடு தேடிய கதையை இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். ‘என் சரித்திரம்’ எடுத்துவந்திருக்கிறேன். நெஞ்சில் தாங்கவில்லை என்பதால் சாப்பாட்டு மேசையில் வைத்து, கண்ணாடியும் பென்சிலுமாக, கணக்கு எழுதுகிறவர் போல உட்கார்ந்து படிக்கிறார். பென்சில் எதற்கு என்று கேட்டேன். வரும் ஊர்ப் பெயர்களையெல்லாம் குறித்துக்கொண்டு, எந்த ஊருக்கு எந்தத் தடத்துப் பேருந்து போகும் என்று பக்கத்தில் எழுதுகிறாராம். புத்தகத்தில் அல்ல, தனித்தாளில்தான்; நூலகர்கள் பதற வேண்டாம்.

மகனிடம் ‘யானை டாக்டர்’ ஒரு வாரம் தலைமாட்டில் கிடந்தது. பிறகு ஒருநாள் கைப்பேசியில் டாப்ஸ்லிப் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். படித்தாயா என்று கேட்டதற்கு, சும்மா பார்த்தேன் என்றான். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. மனைவி விஷயத்தில்தான் இன்னும் வெற்றி இல்லை. ‘கரிப்பு மணிகள்’ நாற்பது பக்கத்தில் நிற்கிறது. படிக்கப் பிடிக்கவில்லையா என்றேன். பிடித்திருக்கிறது, உட்கார நேரம் இருந்தால் அல்லவா என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டார். அதற்குப் பரிந்துரை கேட்க வேண்டியது உங்களிடம் அல்ல என்பது எனக்கும் விளங்கியது. இப்போது மாலையில் பாத்திரம் கழுவுவது நானும் மகனும்.

ஒரு சிறு ஐயம்: எங்கள் கிளையில் இல்லாத புத்தகத்தை வேறு கிளையிலிருந்து வரவழைக்க முடியுமா?

பதில் 5: கரிசல் கிளை நூலகர்

முடியும் ஐயா, ஆனால் ஊருக்கு ஊர் நடைமுறை மாறும். உங்கள் நூலகரிடம் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் இருந்தால் கேட்டு வாங்கித் தருவார், இல்லாவிட்டால் அடுத்த கொள்முதலுக்கான வாசகர் பரிந்துரையில் சேர்த்துக்கொள்வார். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

அப்பாவின் பேருந்துத் தடத் தாள் முடிந்ததும் அதன் படி ஒன்றை எனக்கு அனுப்பிவையுங்கள். எங்கள் நூலகத்து ‘என் சரித்திரம்’ படியின் உள்ளட்டையில் ஒட்டிவைக்கிறேன்.